நான் ராஜினாமா செய்த பதினைந்து நாட்கள்

வேலையை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்தபோது என் கையில் ஒரு ரப்பர் வாஷர் இருந்தது. பதினோரு வருடமாக அதே வாஷர்தான். அதாவது வாஷர்கள் போய்க்கொண்டே இருந்தன, நான்தான் போகவில்லை. ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வாஷரையும் விளக்கில் காட்டிப் பார்க்க வேண்டும். நல்லதென்றால் பச்சைப் பெட்டி. ஓட்டை என்றால் சிவப்புப் பெட்டி. வாஷரே ஓட்டைதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதல் நாள் கேட்டேன். பதினோரு வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று டீ இடைவேளையில் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒருவன் மலை உச்சியிலிருந்து சைக்கிளோடு குதிக்கிறான். கேன்டீனே வாயைப் பிளந்து குதித்தவனைப் பார்த்தது. நான் மட்டும் யோசித்தேன். குதித்தவன் சரி, இதை எடுத்தவன் யார்? தேடினேன். அவனை இணையத்தில் பத்து லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். என்னை இதுவரை பின்தொடர்ந்தவை எங்கள் ஊர் வடக்குப்பட்டு நாய்கள்தான். அதுவும் செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது மட்டும்.

பிறகு என் மூளை தானாகவே ஓட ஆரம்பித்தது. அவன் என்ன செய்கிறான்? பார்க்கிறான். நான் என்ன செய்கிறேன்? நானும் பார்க்கிறேன். அவன் பறப்பவனைப் பார்க்கிறான், நான் வாஷரைப் பார்க்கிறேன். வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அதிலும் என் கைவசம் பறப்பவன் ஒருவன் தயாராக இருந்தான். எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கிபாண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வார லீவு வந்தால், சரக்கு அடுக்கும் பழைய மரப் பேலட்டுகளை ஏரிக்கரையில் சரிவாக அடுக்கி, அதில் சைக்கிளை ஏற்றி, ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே வருவான். சில நாள் சைக்கிள் முதலில் வரும், சில நாள் அவன்.

முடிவு செய்தாகிவிட்டது. இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான். செந்தாமரையிடம் சொல்ல வேண்டும்.

செந்தாமரை என் மனைவி. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். அறுபது பெண்களை ஒற்றைப் புருவத்தால் வேலை வாங்குபவள். வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால் புருவம்கூட அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அவள் என்னென்ன கேட்பாள் என்று பதினான்கு கேள்விகளை யோசித்து, பதினான்குக்கும் பதில் தயாரித்து, குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாமர, நான் வேலைய வுடப் போறேன்."

"சரி."

"இன்னா சரி?"

"வுடுன்னேன்."

"ஏன்னு கேக்கலியே?"

"ஏன்?"

"எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ் வீடியோகிராபர் ஆவப் போறேன். ஆன்லைன்ல."

"சரி. இந்தா, நாரு எடுத்துக் குடு."

கையில் ஒரு பிடி அவரைக்காய் விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினான்கு பதில்களும் தொண்டையில் வரிசையில் நிற்கின்றன, கேட்க ஆளில்லை.

"கோவமா கீறியா?"

"கோவமா இருந்தா பேச மாட்டேனே. இப்ப பேசிக்கினுதான கீறேன்."

"எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ்னா இன்னான்னு தெரியுமா?"

"உன்ன கட்டிக்கினு பன்னெண்டு வருசம் ஆவுது. தெரியாம இருக்குமா? ராஜினாமா லெட்டர் குடுத்தியா?"

அங்கேதான் என் வீரத்துக்குச் சின்னத் தடங்கல். எங்கள் கம்பெனியில் லீவோ, ராஜினாமாவோ, எதுவானாலும் போனில் இருக்கும் ஆப்பில்தான் போட வேண்டும். ஆப்பு என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு பாஸ்வேர்டு நிற்காது. அதனால் என் லீவு, என் ஓவர்டைம், என் சம்பளச் சீட்டு எல்லாம் செந்தாமரையின் போனில்தான் இருக்கும். நான் வேலை செய்கிறேன், வேலைக்காரன் என்பதற்கான அத்தாட்சி அவளிடம் இருக்கிறது.

"நான் சொல்றேன், நீ அடி" என்றேன். எழுந்து நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பதினோரு ஆண்டுக் காலம் வாஷர்களின் நடுவே வாடிய நான், இன்று சிறகு விரிக்க எண்ணி..." என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குச் சொன்னேன். அவள் பொறுமையாக அடித்தாள். நடுவில் "சிறகுக்கு எந்த ற?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் தனியாக எதையோ தட்டினாள். "அனுப்பிட்டேன்."

பத்து நிமிடத்தில் போன் டிங் என்றது.

"ஓகே பண்ணிட்டாங்க. நாளையிலேர்ந்து நீ போவ வேணாம்."

"அவ்ளோதானா? பதினோரு வருசம்! ஒரு வார்த்த?"

"'டேக் கேர்'னு போட்டுக்கீறாங்க."

உடம்பைப் பார்த்துக்கொள்ளவா? ராஜினாமா செய்தவனிடம் வாழ்த்துகள் என்பார்கள், வருத்தம் என்பார்கள். உடம்பை எதற்கு இழுக்கிறார்கள்? ஒருவேளை ஆபத்தான தொழிலுக்குப் போகிறேன் என்று அக்கறையாக இருக்கும். நம் கம்பெனியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனசு கொஞ்சம் இளகியது.

செந்தாமரை மூன்று நிபந்தனை மட்டும் போட்டாள். "வீடியோல உன் மூஞ்சிய காட்டாத. உன் பேர போடாத. கம்பெனி ஆளுங்க இன்னா கேட்டாலும் பதில் சொல்லாம சிரிச்சிக்கினு நவுந்துடு."

"ஏன்?"

"மர்மமா இருக்கணும்யா. அப்பத்தான் ஜனம் தேடும்."

என் மனைவிக்குள் இப்படி ஒரு விளம்பர மூளையா! பன்னிரண்டு வருடமாக அதை அவரைக்காய் நறுக்க விட்டிருக்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் படப்பிடிப்பு ஆரம்பம். பாண்டிக்கு அந்த இரண்டு வாரமும் நைட் ஷிப்ட், பகலெல்லாம் ஓய்வு. அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினான்.

"அண்ணாச்சி, நான் மேல போவும்போது நீங்களும் போன மேல தூக்கணும். கீழ வரும்போது கூடவே கீழ வரணும். கேட்டியளா?"

"பதினோரு வருசம் உத்துப் பாத்த கண்ணுடா இது. நீ குதி."

குதித்தான். எடுத்தேன். ஓடிப் போய்ப் போட்டுப் பார்த்தோம். பாண்டி சைக்கிளில் வருகிறான். பேலட்டில் ஏறுகிறான். அப்புறம் வானம். ரொம்ப நேரம் வானம். அப்புறம் என் செருப்பு. அப்புறம் பாண்டி சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான்.

"நான் எங்க அண்ணாச்சி?"

"அதான் நானும் பாக்கறேன்."

இன்னொரு தடவை. மறுபடியும் வானம். மூன்றாவது தடவை வானத்தில் ஒரு கொக்கு வந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். நாலு நாளில் பதினெட்டுத் தடவை குதித்தான். பதினெட்டிலும் அவன் கிளம்புகிறான், வந்து சேர்கிறான், நடுவில் அவன் எங்கே போகிறான் என்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. போனில் கோளாறு என்று நினைத்து அதை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

வீட்டில் செந்தாமரை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். "நல்லாக் கீது. கொக்கு தெளிவா வந்துக்கீது" என்றாள். கிண்டலா, பாராட்டா? அவள் முகத்தில் இரண்டுக்கும் ஒரே பாவம்தான்.

ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் பெருமாள்சாமி போன் செய்தார். ராஜினாமா செய்தவனை மனிதர் விடாமல் துரத்துகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. சிரித்துக்கொண்டு நகரலாம் என்றால் போனில் எங்கே நகர்வது? எடுத்துவிட்டேன்.

"பரசு, எப்படிப்பா இருக்க?"

"சூப்பரா இருக்கேன் சார்."

"அஞ்சு நாள்லயா? உக்கார முடியுதா?"

"எங்க சார் உக்கார்றது? காலைலேர்ந்து ஓடிக்கினே கீறேன்."

"ஓடறியா! யாருய்யா உன்ன ஓடச் சொன்னது?"

"பாண்டி சார். இன்னும் வேகமா ஓடணும்னு சொல்றான்."

"யாரு, நாட்டு வைத்தியரா?"

"இல்ல சார், சைக்கிள் ஓட்டறவன்."

"சைக்கிளா! ஐயோ பரசு, சைக்கிள் சீட்டு பக்கமே போவாதப்பா! உன்ன கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் செந்தாமரை போனைப் பிடுங்கினாள். "சார், அவரு மாத்திரை போட்டுக்கினு படுத்துக்கினுக் கீறாரு. மயக்கத்துல இப்படித்தான் எதுனா பேசறாரு. வச்சிடறேன் சார்."

"எதுக்கு தாமர மாத்திரைன்னு சொன்ன?"

"பின்ன? இன்னும் ரெண்டு நிமிசம் பேசியிருந்தா உன் மனச மாத்தியிருப்பாரு. நீ கலைஞனா, இல்ல காக்கா புடிச்சா திரும்பி ஓடறவனா?"

கலைஞன்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் சைக்கிள் ஆபத்து என்று பெருமாள்சாமிக்கு எப்படித் தெரிந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை.

எட்டாம் நாள் யாக்கோபு வந்தான். என் பக்கத்து ஸ்டூல்காரன். கையில் பெரிய பை. வந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கண் கலங்கினான். நான் நாற்காலியைக் காட்டி, நானும் உட்காரப் போனேன். "வேணாம் வேணாம், நீ நில்லு. நானும் நிக்கறேன்" என்று பிடித்துக்கொண்டான். இருவரும் நின்றோம்.

"செக்‌ஷன்ல எல்லாரும் சேந்து குடுத்தது" என்று பையைத் திறந்தான். ஒரு கட்டுத் துத்திக்கீரை. இரண்டு கிலோ கருணைக்கிழங்கு. பிரிவுபசாரத்துக்குக் கைக்கடிகாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், சால்வை பார்த்திருக்கிறேன். கிழங்கு கொடுத்துப் பார்த்ததில்லை.

"தெனம் சாப்புடு. காரம் தொடாத."

"தொடல."

"அப்புறம் இது." காற்றடித்த ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தான். நீலக் கலர். "இதுல உக்காந்தீனா ஒண்ணும் தெரியாது."

எனக்கு மெய்சிலிர்த்தது. தண்ணீரில் மிதந்தபடி படமெடுக்கும் சாதனம்! இவர்களுக்கு என் தொழில் மேல் இவ்வளவு மதிப்பா!

"தண்ணில உக்காரலாமா யாக்கோபு?"

"தாராளமா. ஆனா தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். கொஞ்சம் உப்பு போட்டுக்க."

"அவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ உப்புய்யா போடறது?"

"ஒரு கைப்பிடி போதும். எங்க மாமா அப்படித்தான் சமாளிச்சாரு."

"உங்க மாமாவும் இந்த பீல்டா?"

"பத்து வருசம்யா. பாவம், ரொம்ப அனுபவிச்சிட்டாரு." சிலுவை போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கிழம பூசையில உனக்காக வேண்டிக்கினோம். பேரு சொல்லித்தான் வேண்டிக்கினோம்."

அவன் போன பிறகு நான் வெகு நேரம் கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செந்தாமரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த வளையத்தில் உட்கார்ந்து ஏரிக்குள் இறங்கினேன். வெதுவெதுப்பும் இல்லை, உப்பும் இல்லை. பாண்டி என் தலைக்கு மேல் பறந்து எனக்குப் பக்கத்தில் விழுந்தான். அலை என்னைக் கவிழ்த்தது. போன் பிழைத்தது. வளையம் எதிர்க்கரை ஆகாயத்தாமரைக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. வீடியோவைப் பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றினேன். பத்தொன்பது பேர் பார்த்தார்கள். அதில் பதினேழு நான். ஒருவர் மட்டும் "பறவை பெயர் என்ன?" என்று கேட்டிருந்தார்.

பதினைந்தாம் நாள் மாலை ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே பாண்டி எனக்கு முன்னாலேயே வந்து, ஒரு சவுக்குக் கம்பை நட்டு, அதன் உச்சியில் தன் போனைக் கட்டியிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணாச்சி, தப்பா எடுக்காதிய. நான் குதிக்கும்போது நீங்க கண்ண இறுக்க மூடிக்கிட்டுக் குத்த வச்சிருதிய."

"நானா?"

"நேத்து அந்தால போன ஒருத்தர எடுக்கச் சொன்னேன். உங்களத்தான் எடுக்கச் சொன்னேன்." காட்டினான். ஆமாம். அவன் மேலே கிளம்பிய கணத்தில் நான் கண்ணை மூடி, குந்தி, தலைக்கு மேல் போனைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருடம் உற்றுப் பார்த்த கண். வாஷர் என்றைக்கும் என் மேல் பாய்ந்ததில்லை, அதனால் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

"கம்பு கண்ண மூடாது அண்ணாச்சி" என்றான் பாண்டி, வருத்தத்தோடு. "உங்களுக்கென்ன, லீவு முடிஞ்சா கம்பெனிக்குப் போயிருவிய."

"லீவா? நான் வேலைய வுட்டுட்டேன் பாண்டி."

அவன் கையிலிருந்து சைக்கிள் நழுவிக் கீழே விழுந்தது. "பர்மனென்டையா விட்டிய? எனக்கு அது கெடைக்கணும்னு ஊர்ல எங்கம்மா சொடலமாடனுக்கு நேந்து வச்சிருக்கா. கெடச்ச அன்னைக்கே இந்த சைக்கிள ஏரில போட்டுட்டு, தெனமும் வாஷர கண்ணுல ஒத்திக்கிட்டு வேல பாப்பேன். வீட்ல மைனி ஒண்ணும் சொல்லலியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்தில் பர்மனென்ட் வேலை போனால் போனதுதான். வெளியே கேட்டில் ஆயிரம் பாண்டிகள் நிற்கிறார்கள். நான் ஒரு கம்பிடம் தோற்றுவிட்டு நிற்கிறேன். ஸ்டூலையும் விளக்கையும் நினைத்தேன். சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி எல்லாம் கண்முன் வந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வழி நெடுக அழுதுகொண்டேதான் வந்தேன்.

வீட்டில் செந்தாமரையின் முன்னால் போய் நின்றேன். "தாமர, நான் முட்டாள். வேலையும் போச்சி, வீடியோவும் போச்சி."

"எக்ஸ்ட்ரீம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"நெஜமா?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல வேணாம், கருணைக்கிழங்கு மேல பண்ணு. இன்னும் ஒரு கிலோ கீது." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "காலைல யூனிபார்ம் போட்டுக்கினு கம்பெனி பஸ்ஸுக்கு நில்லு."

"எதுக்கு? நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே!"

"உன் ராஜினாமா என் போன்லதான் கீது. சிறகு கிறகுன்னு நல்லா சொல்லியிருந்த, அழிக்க மனசு வரல. அன்னிக்கி ஆப்புல போட்டது லீவு. பதினஞ்சு நாள். இன்னியோட முடிஞ்சிது."

எனக்குக் காலடியில் தரை திரும்பி வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "தெய்வம்டி நீ! அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அன்னிக்கே சண்ட போட்டுட்டு நேரா ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்திருப்ப. அறுவது பேர மேய்க்கறேன், எனக்குத் தெரியாதா? வேணாம்னா செய்வீங்க, செய்யின்னா பத்து நாள்ல ஓஞ்சிடுவீங்க."

"அது சரி, ஒரேயடியா பதினஞ்சு நாள் எப்படிக் குடுத்தாங்க? இன்னா காரணம் போட்ட?"

"மூலம். ஆபரேஷன்."

நான் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கிழங்கு. கீரை. வளையம். உப்பு. யாக்கோபின் மாமா. ஒவ்வொன்றாக வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. பதினைந்து நாளாகப் புரியாதது எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"வேற நோவே கெடைக்கலியா உனக்கு?"

"ஜொரம்னா ரிப்போர்ட்டு கேப்பான். கை ஒடஞ்சிதுன்னா கட்டு எங்கன்னுவான். இது ஒண்ணுத்தத்தான் எவனும் காட்டுன்னு கேக்க மாட்டான்."

"யாக்கோபு பூசையில வேற வேண்டிக்கினானாம்! எத்தினி பேருக்குத் தெரியும்?"

"உங்க கம்பெனிக்கு மட்டுந்தான்."

எங்கள் கம்பெனியில் எண்ணூறு பேர். "நாளைக்கே உண்மைய சொல்லிடறேன்" என்று கர்ஜித்தேன்.

"சொல்லு. பொய் சொல்லி லீவு போட்டான்னு அங்கயே கணக்கு முடிச்சிடுவாங்க. அப்புறம் ஏரிக்கரைக்குப் போயி அந்தக் கம்புக்கு அசிஸ்டென்ட்டா சேந்துக்க. வேலையா, மானமா? நீயே முடிவு பண்ணு, நான் தலையிட மாட்டேன்."

இரவெல்லாம் யோசித்து, முழுச் சுதந்திரத்தோடு, அவள் சொன்ன முடிவையே எடுத்தேன்.

காலையில் பஸ் வந்தது. செந்தாமரையும் கூட வந்து நின்றாள். படியில் ஏறினேன். பஸ்ஸே எழுந்து கை தட்டியது. "மெல்ல, மெல்ல" என்றார்கள் நாலு பக்கமும். டிரைவர் திரும்பிப் பார்த்து, "பள்ளத்துல பாத்து ஓட்டறேன்" என்றார். யாக்கோபுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. பெருமாள்சாமி அதைத் துடைத்துவிட்டு, "உக்காருப்பா, பாத்து" என்றார்.

உட்காரக் குனிந்தேன். ஜன்னலுக்கு வெளியிலிருந்து செந்தாமரையின் குரல் கணீரென்று கேட்டது.

"சார், ரெண்டு மாசத்துக்கு உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு, கொஞ்சம் பாத்துக்கோங்க!"

இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. என் ஸ்டூலை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். இதைக் கேன்டீன் சுவரோரம் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.